"என்ன படிக்க வைக்கலாம் சார்?" – புளியஞ்சோலையில் கேட்ட கேள்வியும் பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணனும்



சென்ற ஆண்டு மே மாதம் இரண்டு வேன் பிடித்துப் புளியஞ்சோலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? துறையூர், உப்பிலியபுரம் தாண்டினால் கொல்லிமலை சுவர் எழுப்பியதுபோல் எதிரே வந்து நிற்கும். மலைமேல் ஆகாய கங்கையாக விழும் தண்ணீர்தான் கீழே அய்யாறாக ஓடி வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே பாறைகளுக்கு நடுவே இறங்கினோம். கோடை என்பதால் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் பிள்ளைகள் கரையேற மறுத்தார்கள்.

வேனுக்குத் திரும்பும் வழியில் அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவைச் சுற்றி நின்றோம். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பழத்தை நீட்டியவர், நம் ஆட்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாரும் படிச்சவங்களாத் தெரியுறீங்க. எம் பொண்ணு பிளஸ் டூ எழுதியிருக்கு சார், மேத்ஸ் குரூப்பு. என்ன படிக்க வைக்கலாம்?"

ஒருவர் "இன்ஜினியரிங்கே வேண்டாம்மா, வேலை கிடைக்காது" என்றார். இன்னொருவர் "கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேற எதுவும் எடுக்காதீங்க" என்றார். மூன்றாமவர் "பி.எஸ்.சி. மேத்ஸ், அப்புறம் பி.எட்., டீச்சர் வேலைதான் பொண்ணுக்கு நல்லது" என்றார். நான் என் பங்குக்கு "நர்சிங் பாருங்க" என்றேன். அந்தப் பெண் என்ன மதிப்பெண் எதிர்பார்க்கிறாள், அவளுக்கு எதில் விருப்பம், வீட்டில் இதற்கு முன் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேன் ஹாரன் அடித்தது. பழத்துக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். யாரும் அவர் போன் நம்பரை வாங்கவில்லை.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு ஒழுங்காகப் பதில் தேடி வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு பேராசிரியரைப் பற்றி இந்த இதழில் உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் தேர்வு முடிவுகள் வரவிருக்கின்றன. அதனால் இது பழைய கதை மட்டும் இல்லை.

ஆலோசனை ஒரு தொழிலான கதை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1876-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. எல்லா மாணவரும் ஒரே பாடத்திட்டத்தைப் படித்தாக வேண்டும் என்ற பழைய முறை அப்போது மாறிக்கொண்டிருந்தது. மாணவர்களே பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தவுடன், "எதைத் தேர்ந்தெடுப்பது?" என்ற குழப்பமும் சேர்ந்து வந்தது. ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக வைத்தார்கள். 1889-ல் அந்த வழிகாட்டிகளுக்கெல்லாம் தலைவராக எட்வர்ட் கிரிஃபின் என்ற பேராசிரியரை நியமித்தார்கள். படிப்பு ஆலோசனை என்பது பல்கலைக்கழகத்தில் ஒரு பொறுப்பாக, பதவியாக உருவானதற்கு இதை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று அங்கே அதற்கென்று தனி அலுவலகங்களும், இயக்குநர்களும், 1979-லிருந்து ஒரு தேசிய அமைப்பும் இருக்கின்றன.

நம் ஊரில் அப்படி ஒரு பதவியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே மாணவர் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு இரண்டு ஆண்டு யோசித்துக்கூட முதன்மைப் பாடத்தை முடிவு செய்யலாம். இங்கே வாசலிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. சிவில் என்று சேர்ந்தால் நான்கு வருடமும் சிவில்தான். பதினேழு வயதில், சில நிமிடங்களில் எடுக்கிற ஒரே முடிவு. ஆகவே நம் ஊரில் படிப்பு ஆலோசனை தேவைப்படுகிற இடம் கல்லூரியின் உள்ளே இல்லை, வாசலில்தான். அந்த வாசலை எப்படிக் கட்டுவது என்று யோசித்தவர் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன்.

வாணியம்பாடியிலிருந்து உலகம் சுற்றி

ஆனந்தகிருஷ்ணன் 1928 ஜூலை 12 அன்று வாணியம்பாடியில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 1952-ல் பட்டம் பெற்றார். நாட்டில் பொறியியல் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. பிறகு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்திலும் பணியாற்றினார்.

1960-களின் தொடக்கத்தில் கான்பூர் ஐ.ஐ.டி.க்குப் போனார். 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து அந்த ஐ.ஐ.டி.யை வளர்க்க உதவின. ஆகவே நம் பழைய பல்கலைக்கழகங்களுக்குப் பழக்கமில்லாத பல வழக்கங்கள் அங்கே வந்தன: செமஸ்டர் முறை, எழுத்து வடிவில் தரம், மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடங்கள். ஆனந்தகிருஷ்ணன் அங்கே பத்தாண்டுக்கு மேல் பேராசிரியராகவும் நிர்வாகப் பொறுப்புகளிலும் இருந்தார். மாணவரிடம் தேர்வைக் கொடுத்தால் கூடவே தகவலையும் கொடுக்க வேண்டும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

1970-களின் நடுவில் வாஷிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகரானார். அதன்பின் ஐக்கிய நாடுகள் சபையில், வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்கான மையத்தில் உயர் பொறுப்பு வகித்தார். கவனித்தீர்களா? கான்பூரை விட்ட பிறகு அவர் பார்த்த வேலையெல்லாம் ஆலோசனை சொல்லும் வேலைதான். முதலில் ஒரு நாட்டுக்கு, பிறகு பல நாடுகளுக்கு.

1990-ல் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகச் சென்னை திரும்பினார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதை எழுதிய வா.செ. குழந்தைசாமி. ஆனந்தகிருஷ்ணன் இரண்டு பதவிக்காலம், 1996 வரை துணைவேந்தராக இருந்தார்.

வாசல்தோறும் அலைந்த காலம்

அவர் வந்து சேர்ந்த காலத்தை நம்மில் ஐம்பது கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 1984-ல்தான் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. அதே ஆண்டில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வும் வந்தது. இடங்கள் பெருகின. கூடவே நன்கொடையும் பெருகியது. அப்பாக்கள் மஞ்சள் பையில் மார்க் ஷீட் நகல்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எந்தக் கல்லூரியில் என்ன கட்டணம், எத்தனை இடம் காலி, யாரைப் பார்த்தால் கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள்.

1992-ல் தமிழ்நாடு அரசு நன்கொடை வசூலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்கள் அரசுக் கட்டணத்துக்கு, மீதிப் பாதி கூடுதல் கட்டணத்துக்கு; இரண்டையுமே தகுதி வரிசைப்படிதான் நிரப்ப வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கல்லூரி முதலாளி தன் இஷ்டத்துக்கு ஆள் சேர்த்த கதவு ஏறத்தாழ மூடியது. 2002-ல் உச்ச நீதிமன்றமே அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டது. ஆனாலும் 1993-ல் மாநிலங்களுக்கு முன் நின்ற கேள்வி கடினமானது: இத்தனை கல்லூரிகளில், இத்தனை பிரிவுகளில், இத்தனை ஆயிரம் மாணவர்களை யாருக்கும் அநியாயம் இல்லாமல் எப்படி அமர்த்துவது?

அதற்குத் தமிழ்நாடு கண்ட விடைதான் நாம் எல்லோரும் 'கவுன்சலிங்' என்று சொல்லிப் பழகிய ஒற்றைச் சாளர முறை. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு ஆனந்தகிருஷ்ணனுடையது. 1990-களின் பிற்பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது.

முறை எளிது. ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை. மாணவருக்குத் தேதியும் நேரமும் போட்ட அழைப்புக் கடிதம் வரும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பந்தலுக்குள் காத்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் திரைகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த ஒதுக்கீட்டில் எத்தனை இடம் காலி என்று ஓடிக்கொண்டே இருக்கும். முறை வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து, வேண்டிய இடத்தைச் சொன்னால், ஒதுக்கீட்டு ஆணை கையில். மாவட்ட ஆட்சியர் பிள்ளையும் மாட்டு வண்டிக்காரர் பிள்ளையும் ஒரே திரையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். யாரையும் 'பார்க்க' வேண்டியதில்லை. அந்தத் திரைதான் இந்த முறையின் உயிர். அதுவரை தெரிந்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைப் பந்தலில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்படி அது செய்தது.

எழுத்துக்கும் ஒரே சாளரம்

இடையில் ஒரு கிளைக் கதை. இந்த இதழை உங்களில் பலர் செல்போனில் தமிழில் படிக்கிறீர்கள். 1990-களில் கணினித் தமிழ் எப்படி இருந்தது தெரியுமா? ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருவர் அனுப்பும் கடிதத்தை இன்னொருவர் கணினியில் திறந்தால் கட்டமும் கோடுமாகக் கிடக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டின் வழியாக ஒரு பொது ஏற்பாடு வந்தது. இன்று பலர் பயன்படுத்தும் 'தமிழ்99' விசைப்பலகை அதன் விளைவு. அந்த முயற்சியிலும் முன்னின்றவர் ஆனந்தகிருஷ்ணன். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான 'உத்தமம்' அமைப்பின் முதல் தலைவரும் அவரே.

கல்லூரிச் சேர்க்கையும் விசைப்பலகையும் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். இரண்டிலும் அவர் செய்தது ஒன்றுதான். ஆளுக்கொரு வழி என்று இருந்தால் பலவீனமானவர்தான் நஷ்டப்படுவார். எல்லோருக்கும் ஒரே பொது வழி என்றால் அவரும் நடந்து வரலாம்.

நுழைவுத் தேர்வு போன கதை

பொது வாசல் வந்த பிறகும் ஒரு தடை நின்றது. அப்போது தரவரிசை 300 மதிப்பெண்ணுக்கு. பிளஸ் டூ மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100. தேர்வு முடிந்ததும் நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்கு ஓடுவார்கள். புளியஞ்சோலை போன்ற அடிவாரத்துப் பிள்ளைக்குப் பயிற்சி மையம் எங்கே இருக்கிறது? திருச்சியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கப் பணம் எங்கே இருக்கிறது?

நுழைவுத் தேர்வை நீக்க 2005-லும் அதற்கடுத்தும் எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-ல் தமிழக அரசு ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. நுழைவுத் தேர்வு கிராமத்து மாணவர்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் பாதகமாக இருக்கிறது, அதை நீக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் இயற்றிய சட்டத்துக்கு 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

வெவ்வேறு பாடத்திட்டத்தில் படித்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது எப்படி? சட்டம் அதற்கும் ஒரு கணக்குச் சொன்னது. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 100, வேறொரு பாடத்திட்டத்தில் அதே பாடத்தின் முதல் மதிப்பெண் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 90-ஐ 100-க்குச் சமமாகக் கொள்வார்கள். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 ஆகும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானதும், அதை மட்டும் உற்பத்தி செய்கிற விடுதிப் பள்ளிகளின் மவுசு கூடியது. மக்கள் 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். அதில் பெயர்போனது எந்த மாவட்டம்? கொல்லிமலையின் மறுபக்கம் இருக்கும் நாமக்கல். பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்து முதலாண்டுக் கணக்கில் தடுமாறினார்கள். 2017-ல் அரசு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியதும், பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ஒரே மலை. மேற்கே லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் விடுதிப் பள்ளி. கிழக்கே அரசுப் பள்ளிக்குப் பேருந்து பிடிக்கும் பெண். ஒரே வாசல் வழியாகத்தான் இருவரும் வருகிறார்கள், ஆனால் வாசல் வரை வந்த தூரம் ஒன்றில்லை. அதற்காக வாசலே தவறு என்று ஆகிவிடாது. வாசல் இல்லாத காலத்தில் அந்தப் பெண் கணக்கிலேயே வந்திருக்க மாட்டாள்.

வாசலுக்குப் பின் வந்தவை

பிறகு வந்த அரசுகள் அந்த வாசலில் படிகள் வைத்தன. 2010 முதல் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை. 2021-ல் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குப் பழங்குடியினருக்கான 1 விழுக்காட்டு ஒதுக்கீடு இருக்கிறது. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டமும் வந்தது.

2018-ல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு அதை நடத்தும் பொறுப்பு அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போனது. இனி சென்னைக்கு இரவுப் பேருந்து பிடிக்க வேண்டியதில்லை. பெரிய நிம்மதிதான். ஆனால் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்த அனுபவசாலிப் பெற்றோரிடம் "அந்தக் காலேஜ் எப்படிங்க?" என்று கேட்கும் வாய்ப்பு அத்தோடு போய்விட்டது. இப்போது பல கிராமங்களில் பிள்ளையின் படிப்பு ஆலோசகர் பிரவுசிங் சென்டர் தம்பிதான். கூட்டத்தில் அவசர அவசரமாக நான்கு கல்லூரிப் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவர் மேல் தப்பில்லை. அவர் வேலை தட்டச்சு செய்வது.

ஆனந்தகிருஷ்ணன் 2002-ல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னாளில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆட்சிக் குழுத் தலைவராகவும் இருந்தார். 2021 மே 29 அன்று, கொரோனா இரண்டாம் அலையில், 92-வது வயதில் சென்னையில் மறைந்தார். ஊரடங்கில் நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துகிடந்த நாள்கள் அவை. செய்தி வந்ததும் போனதும் பலருக்குத் தெரியவில்லை. அவர் வகுத்த வழியில் கல்லூரி சென்றவர்கள் நம் குடியிருப்பிலேயே ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறார்கள். என் வீட்டிலும் இருக்கிறார்கள்.

இனி நம் முறை

இப்போது அன்னாசிப்பழக் கடைக்குத் திரும்புவோம். அன்று நாங்கள் நால்வரும் சொன்ன பதில்கள் முழுத் தவறு இல்லை. ஆனால் அவற்றால் அந்த அம்மாவுக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது எங்கள் அபிப்பிராயம் இல்லை. இந்த நான்கு விஷயங்கள்தான்:

ஒன்று, கணக்கு. கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மதிப்பெண் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக. கணக்கில் 84, இயற்பியலில் 76, வேதியியலில் 80 என்றால் 84 + 38 + 40, மொத்தம் 162. அந்த 162-க்கு, அவள் பிரிவில், சென்ற ஆண்டு எந்தெந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற பட்டியல் இணையத்தில் இருக்கிறது. நமக்குப் பத்து நிமிட வேலை.

இரண்டு, சலுகை. முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைக்க வேண்டும். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்கும். யாரோ தரகர் "சீட் இப்பவே கன்ஃபார்ம் பண்ணிடுங்க" என்றதைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும். இந்த ஒரு வரி தெரியாமல் கடன் வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மூன்று, வரிசை. இணையக் கலந்தாய்வில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் போடலாம். உண்மையில் எதை அதிகம் விரும்புகிறோமோ அதை முதலில் போட வேண்டும். 'கிடைக்காது' என்று நினைத்துப் பெரிய கல்லூரியைக் கீழே தள்ளுவதால் எந்த லாபமும் இல்லை. மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கணினி தானாக அடுத்ததைப் பார்க்கும்.

நான்கு, போன் நம்பர். பதிவு செய்யும்போது மாணவி வீட்டு நம்பரையே கொடுக்க வேண்டும். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

நம்மிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பொறியாளர்கள் இருக்கிறார்கள், வங்கியில் கல்விக் கடன் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், போன வருடம்தான் கலந்தாய்வில் கலந்துகொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் காவலர்களின் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களின் பிள்ளைகள், இஸ்திரி போடும் அண்ணன் மகன், இவர்களில் சிலராவது இந்த வருடம் பிளஸ் டூ எழுதியிருப்பார்கள். தினம் வணக்கம் சொல்லிக் கடந்து போகிறோம். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டிருக்கிறோமா?

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். தேர்வு முடிவு வந்த பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 10 மணி முதல் 1 மணி வரை, சங்க அலுவலக அறையைத் திறந்து வைப்போம். இரண்டு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், இணைய இணைப்பு போதும். வருகிற பிள்ளையிடம் முதலில் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்போம். பிறகு கணக்குப் போட்டுக் காட்டுவோம், பட்டியலை அச்செடுத்துக் கொடுப்போம். முடிவை அந்தப் பிள்ளையும் பெற்றோரும் வீட்டில் பேசி எடுக்கட்டும். இன்ன காலேஜில்தான் சேர வேண்டும் என்று நம்மில் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனந்தகிருஷ்ணன் வைத்த திரையும் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் காட்டியது, அவ்வளவுதான்.

விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பெரிய நேரம் ஆகாது. ஆளுக்கு ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம்.

இந்த மே மாதமும் புளியஞ்சோலைக்குப் போவதாகத் திட்டம் இருக்கிறது. அந்த அம்மா அதே இடத்தில் கடை போட்டிருந்தால் முதல் வேலையாக அவர் மகள் எங்கே சேர்ந்தாள் என்று கேட்கப் போகிறேன். அவளுக்குப் பின்னால் தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த முறை போன் நம்பரை வாங்கிக்கொண்டுதான் வேனில் ஏறுவேன். நீங்களும் ஞாபகப்படுத்துங்கள்.